முன்னது மூத்தவனுக்கு

எங்கள் தெருவில் பழைய கார்புரேட்டர் விற்கிற கடை இரண்டு உண்டு. ஒன்றில் முன்பக்கத்துக் கார்புரேட்டர் மட்டும்தான் கிடைக்கும், இன்னொன்றில் பின்பக்கத்தது மட்டும். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், நானும் பதினோரு வருஷமாகச் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறேன். முன்பக்கத்துக் கடை என் வீட்டுக்காரருடையது. எதிர்ச்சாரியில் ஆறு கடை தள்ளி இருக்கிற பின்பக்கத்துக் கடை அவருடைய தம்பியுடையது. சொந்தத் தம்பிதான், ஒரே வயிற்றில் பிறந்தவர்.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்து நல்ல கார்களில் காற்றையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்குக் கொடுக்க இரண்டு கார்புரேட்டர் வைத்திருப்பார்கள், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. பார்த்தால் அச்சு அசல் ஒன்று போலவே இருக்கும். ஆனால் முன்னதைப் பின்னால் மாட்ட முடியாது, பின்னதை முன்னால் மாட்ட முடியாது. ஜோடியாக இருந்தால் தேடி வந்து வாங்குவார்கள். ஒற்றையாக இருந்தால் காகிதம் பறக்காமல் இருக்க மேலே வைக்கலாம், அவ்வளவுதான்.

அண்ணன் தம்பி இரண்டு பேரும் சேர்ந்து ஒரே கடைதான் நடத்தினார்கள். ஒருநாள் வார்த்தை தடித்தது. என்ன வார்த்தை என்று இன்றைக்குக் கேட்டால் இருவருக்கும் தெரியாது. பாகம் பிரித்துக் கொடுக்க அவர்களுடைய தாய்மாமா வந்தார். எடை மேடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், நியாயஸ்தர். கடையில் இருந்தது இருபத்தெட்டு ஜோடி. ஆளுக்குப் பதினாலு ஜோடி என்று கொடுத்திருந்தால் முடிந்தது கதை. ஆனால் நல்ல ஜோடி ஒருத்தனுக்கும் நோஞ்சான் ஜோடி ஒருத்தனுக்கும் போய்விட்டால்? மனக்குறை வரக்கூடாதே! அதனால் மாமா ஒவ்வொரு ஜோடியையும் நடுவில் பிரித்தார்.

"முன்னது மூத்தவனுக்கு, பின்னது இளையவனுக்கு. ஒரு பய என்னைக் குறை சொல்லக்கூடாது."

நான் வாசற்படியில் நின்றபடி, "மாமா, அது ஜோடிங்க" என்றேன்.

"பொம்பளைங்க கொஞ்ச நேரம் சும்மா இருக்கீங்களா?" என்றார் மாமா.

சும்மா இருந்தோம், நானும் என் ஓரகத்தியும். ஆம்பளைகளாவது பேச வேண்டாமா? இருபத்தெட்டு தடவை மாமாவின் கை போய் வந்தது. தொழில் நாசமாகிறது என்று இரண்டு பேருக்கும் நன்றாகத் தெரியும். தம்பி வாயைத் திறக்கட்டும் என்று இவர் கல் மாதிரி நின்றார். அண்ணன் திறக்கட்டும் என்று அவர் நின்றார். கடைசியில் மாமா கையைத் தட்டித் துடைத்துக்கொண்டு, திருப்தியாகக் காபி கேட்டார்.

அப்புறமாவது புத்தி வந்ததா? யாராவது பழைய ஜோடி ஒன்றை விற்கக் கொண்டுவந்தால் இவர் முன்னதை மட்டும் வாங்கிக்கொண்டு, "பின்னது அங்க" என்று கையைக் காட்டுவார். அங்கே முதலில் போனால் அவர் பின்னதை மட்டும் எடுத்துக்கொண்டு இங்கே கையைக் காட்டுவார். பாகம்னா பாகம்தானாம். இது வீம்பா, பாசமா என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

வாங்குகிறவர்கள் பாடு இன்னும் வேடிக்கை. எங்களிடம் முன்னதை வாங்கி, அதைக் கையில் எடுத்துக்கொண்டு போய் அங்கே பின்னதைப் பொருத்தம் பார்த்து வாங்கி, டியூனிங்குக்கு மறுபடி இங்கே வர வேண்டும். ஏனென்றால் காது இவருக்கு, வாய் தம்பிக்கு. மாமா வருவதற்கு முன்னாலேயே பிரிந்துவிட்ட பாகம் அது. தம்பி பேசினால் துருப்பிடித்த கார்புரேட்டர்கூட விலைபோகும். இவரோ வருகிறவனிடம் முதலில் அதன் குறையைத்தான் சொல்வார். ஆனால் இன்ஜினை ஓடவிட்டு, ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைக் கார்புரேட்டர் வாயிலும் வைத்தாரென்றால், இரண்டும் ஒரே அளவு காற்றை இழுக்கிறதா என்று மயிரிழை வித்தியாசம் சொல்வார். அந்த நேரத்தில் யார் பேசினாலும் "உஷ்!" என்று ஒரு அதட்டல். கார் சொந்தக்காரரையே அதட்டுவார். அதனால் தெருவில் அவருக்கு உஷ்காரர் என்று பெயர்.

டியூனிங்குக்கு வரும் பின்னதைத் தம்பி ஏற்கெனவே பிரித்துக் கழுவிச் சரிபார்த்துத்தான் விற்றிருப்பார். அதை இவர் திறக்கவே வேண்டியதில்லை. திறப்பார். திறந்தால்தான் அன்றைக்குச் சோறு இறங்கும்.

"இந்தக் கழுதை பண்ணி வெச்சிருக்கறத வந்து பாரு. ஃப்ளோட்ட அரை நூல் கீழ எறக்கியிருக்கான். பெட்ரோல் மிச்சமாகுதாம்! கஞ்சப் பய."

ஃப்ளோட் என்பது உள்ளே பெட்ரோல் எவ்வளவு நிற்க வேண்டும் என்று அளவு காட்டுகிற மிதவை. தம்பி எப்போதும் அதை அரை நூல், அதாவது ஒன்றரை மில்லிமீட்டர் போல, தாழ்த்தித்தான் வைப்பார். இவர் எப்போதும் திட்டிக்கொண்டே அதை உயர்த்தி வைத்து மூடுவார். வெளியில் மூச்சு விடமாட்டார். வண்டிக்காரர்கள் தம்பி கடைக்குப் போய், "உங்க சரக்கு சூப்பருங்க" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். திட்டுகிற அன்றைக்கெல்லாம் என் வீட்டுக்காரர் நல்ல குஷியாக இருப்பார்.

போன வருஷம் அந்தத் திட்டு நின்றது. திறந்து பார்ப்பார், ஒன்றும் பேசமாட்டார். நானும் எட்டிப் பார்த்தேன். ஸ்க்ரூவின் தலையெல்லாம் திருப்புளி வழுக்கி வழுக்கிச் சிதைந்திருந்தது. பெட்ரோல் கசியாமல் இருக்க நடுவில் வைக்கிற கேஸ்கெட் அட்டை கோணலாக ஒட்டியிருந்தது. ஒன்றில் ஒரு ஸ்க்ரூவே இல்லை.

காரணம் எனக்குத் தெரியும். தினமும் பதினோரு மணிக்கு நானும் என் ஓரகத்தியும் போனில் பேசுவோம். பாகம் பிரிந்தது அவர்களுக்குத்தானே, எங்களுக்கு என்ன வந்தது? அவள் ஒருநாள் அழுதாள்.

"அக்கா, அவருக்கு வலது கை நடுங்குதுக்கா. டாக்டர் மாத்திரை குடுத்திருக்காரு. முழுசா சரியாகாதுன்னுட்டாரு. பெரியவருக்கு மட்டும் தெரியக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு."

இந்த வேலை போனால் கொழுந்தனார் என்ன ஆவார்? கடையில் உட்கார்ந்து வாயால் எவ்வளவு நாள் ஓட்ட முடியும்? அண்ணன் ஒருதரம் ரோட்டைத் தாண்டிப் போய் நின்றால் போதும், பாதிச் சுமை இறங்கிவிடும். ஆனால் சத்தியம் பண்ணியது அவள், வாயைக் கட்டிக்கொண்டது நான்.

இரண்டு நாள் கழித்து இவரே சொன்னார். "அவன் கை சரியில்ல."

"போய் ஒரு வார்த்தை கேளுங்களேன்."

"அவன் வரட்டும்."

"ஒரு ரோடுதானே, தாண்டினா கொறஞ்சா போயிடுவீங்க?"

"ரோடு அவனுக்கும் அதே அகலம்தான்."

ஆனால் வேலை மட்டும் நடந்தது. வருகிற ஒவ்வொரு பின்னதையும் இவர் முழுதாகப் பிரித்தார். சிதைந்த ஸ்க்ரூவை எடுத்துவிட்டுத் தன் டப்பாவிலிருந்து நல்லதாகப் போட்டார். புது கேஸ்கெட் வெட்டினார். ஒவ்வொன்றுக்கும் அரை நாள் போனது. தம்பிக்குப் பேர் கெடக்கூடாதாம். நேரில் பார்த்தால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டுமாம்!

இங்கேதான் என் நாக்கு வேலையைக் காட்டியது. ஓரகத்தியைத் தேற்றுவதாக நினைத்து, "நீ கவலப்படாத, அவர் என்ன பண்ணி அனுப்பினாலும் இவர் பிரிச்சு சரி பண்ணிடறாரு" என்று சொல்லிவிட்டேன். கேட்டதும் அவளுக்கு உயிர் வந்தது. புருஷனுக்கும் உயிர் வரட்டும் என்று அவரிடம் அப்படியே ஒப்பித்துவிட்டாள். அவருக்கோ அவமானத்தில் இருந்த உயிரும் போனது போல ஆகிவிட்டது.

அடுத்த மாதம் ஒரு பல் டாக்டர் தன்னுடைய சிவப்புக் காரோடு வந்தார். முன்னதும் பின்னதும் கையில் தயாராக இருந்தன. இவர் வழக்கம்போலப் பின்னதைத் திறந்தார். பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். அளவுகோலை எடுத்து ஃப்ளோட்டை அளந்தார். அப்புறம் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னங்க ஆச்சு?"

"இது அவன் செஞ்சதில்ல."

"ஏன், நல்லாத்தானே இருக்கு?"

"அதத்தான் சொல்றேன். நல்லா இருக்கு."

டாக்டர் குறுக்கே புகுந்து, "நல்லா இருந்தா மாட்டிட வேண்டியதுதானே?" என்றார்.

"நீங்க பல்லப் பாருங்க!" என்று இவர் எரிந்து விழுந்தார். திறந்த கார்புரேட்டரைக் கையில் தூக்கிக்கொண்டு, செருப்புகூடப் போடாமல் தெருவில் இறங்கினார். வண்டிகள் ஹாரன் அடித்தன. பதினோரு வருஷமாகத் தாண்ட முடியாத ரோட்டை மனுஷன் நாலே எட்டில் தாண்டினார். டாக்டரை உட்காரச் சொல்லிவிட்டு நானும் பின்னாலேயே ஓடினேன்.

கொழுந்தனார் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். வலது கை மேஜைக்கு அடியில் இருந்தது. உள்ளே இருந்து ஓரகத்தி எட்டிப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"இத யார்கிட்ட குடுத்துப் பண்ண?" என்றார் இவர். எப்படி இருக்கிறாய் என்று ஒரு கேள்வி? கிடையாது.

"நான்தான் பண்ணேன்."

"பொய் சொல்லாத. நீ பண்ணா ஃப்ளோட் அரை நூல் கீழ இருக்கும். முப்பது வருஷமா தப்பாத்தான் வெப்ப. இது சரியா இருக்கு!"

கொழுந்தனார் வலது கையை எடுத்து மேஜைமேல் வைத்தார். அது அடங்கவில்லை. பக்கத்தில் கிடந்த ஸ்பேனர் டகடகவென்று ஆடியது.

"பாத்துக்கோண்ணே. இந்தக் கைய வெச்சுக்கிட்டு எதப் பிரிக்கச் சொல்ற? அதான் வேற ஆள்கிட்ட குடுத்துப் பண்ணினேன். என் வேலைய நீ எனக்குத் தெரியாம திருத்தி, அதுக்கு நான் நல்ல பேரு வாங்கறதா? இதுக்கு நான் கடைய மூடிட்டுப் போயிடலாம்."

இருபத்தேழு வருஷமாக இவரோடு குடித்தனம் பண்ணுகிறேன். இவர் கண்ணில் தண்ணீர் வந்து பார்த்ததெல்லாம் பெட்ரோல் நெடியால்தான். அன்றைக்கும் கையில் பெட்ரோல் இருந்தது, அவருக்கு அது வசதியாகப் போயிற்று.

"தப்பா செய்யிடா" என்றார். "நல்லா தப்பாவே செஞ்சு அனுப்பு. ஸ்க்ரூவ ஒடச்சு அனுப்பு. நான் அங்க பாத்துக்கறேன். ஆனா நீ செஞ்சு அனுப்பு. அதத் தொறந்து பாத்தாதாண்டா நீ இருக்கன்னு எனக்குத் தெரியுது."

ஓரகத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இனி கட்டிப்பிடித்து அழுவார்கள் என்று நாங்கள் இரண்டு பேரும் காத்திருந்தோம்.

கொழுந்தனார் மூக்கை உறிஞ்சினார். "அது இருக்கட்டும். அரை நூல் கீழ வெச்சா தப்புன்னு உனக்கு யாரு சொன்னது?"

"யாரு சொல்லணும்? இன்ஜின் சொல்லுது!"

"உன் காதுக்குச் சொல்லும். வண்டிக்காரன் பர்சக் கேளு!"

"மேட்டுல ஏறும்போது திக்குமேடா மடையா!"

"மேட்டுல ஏறத் தெரியாதவன் எதுக்கு வண்டி வெச்சிருக்கான்?"

இவர் மேஜைமேல் குனிந்து அந்த நடுங்குகிற கையை எட்டிப் பிடித்தார். பிடித்தபடியே முகத்துக்கு நேரே கத்தினார். அவரும் சளைக்காமல் கத்தினார். பக்கத்துக் கடைத் தையல்காரர் நாடாவைக் கழுத்தில் போட்டபடி அலறிக்கொண்டு ஓடி வந்தார்.

"என்னம்மா பாத்துட்டு நிக்கறீங்க? பெரியவரு சின்னவர் கையப் புடிச்சு முறுக்கறாரு, வெலக்கி விடக்கூடாதா?"

"முறுக்கலண்ணே, புடிச்சிட்டிருக்காரு" என்றேன்.