மிதித்த கால்

எங்கள் மாடியில் குடியிருந்த இத்தாலிக்காரிக்கு என் வயதுதான். மலையைச் சுற்றிக் கிரிவலம் போக வந்தவள், திரும்பிப் போகாமல் தங்கிவிட்டாள். பழைய காலத்தில் அவள் நாட்டில் ஒற்றைக் கையால் வீசிய வாள்வீச்சை முறையாகப் பழகியவள். என் வீட்டுக்காரர் அதைக் கற்றுக்கொள்ளக் கிளம்பினார். தச்சரிடம் சொல்லி மரவாள்கள் செய்தாயிற்று. அடிக்க ஆள் வேண்டுமே? அடுப்படியிலிருந்து என்னைக் கூப்பிட்டார்.

அடிப்படை அடிகள் சுலபம்தான். வலத்தோளிலிருந்து இடப்பக்கமாக இறங்கும் வெட்டுக்கு மாந்த்ரித்தோ என்று பெயர். இடப்பக்கத்திலிருந்து திரும்பி வருவது ரிவெர்ஸோ. உச்சந்தலைக்கு நேராக இறங்குவது ஒன்று, நெஞ்சுக்கு நேரான குத்து ஒன்று. எதுவானாலும் வலது காலை முன்னே வைக்க வேண்டும். எதிராளி உடம்பில் பட்டதும் கையை நிறுத்திவிட வேண்டும். கையை நிறுத்துவதை மட்டும் என் வீட்டுக்காரர் கற்றுக்கொள்ளவே இல்லை.

அந்தச் சமயத்தில் கீழ்பென்னாத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் எனக்கு டீச்சர் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஜூனில் சேர வேண்டும். பி.எஸ்சி. படித்துவிட்டு வருஷக்கணக்காக ரசம் வைத்துக்கொண்டிருந்த எனக்கு அது உயிர். மொட்டைமாடியில் அவரிடம் கேட்டேன். இத்தாலிக்காரி எதிரிலேயே சிரித்தார்.

"என்னை ஒரே ஒரு தடவ குத்திடு. அப்புறம் எங்க வேணா போ."

"நெஜமாவாங்க?"

"சத்தியமா."

அந்தத் தைரியத்துக்குக் காரணம் இருந்தது. இரண்டு பேரும் வலது காலை முன்னே வைத்தால் கால்மேல் கால் படத்தான் செய்யும். பட்டால் என் உடம்பு என்னைக் கேட்காது. புருஷன்மேல் கால் பட்டுவிட்டதே என்று சட்டென்று குனிந்து, தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன். புத்தகத்தை மிதித்தாலும் ஆளை மிதித்தாலும் சின்ன வயதிலிருந்து அப்படித்தான். குனிந்த பிடரியில் உச்சி வெட்டு இறங்கும். முதல் நாள் அது தற்செயல். மறுநாளிலிருந்து அவரே காலைக் கொண்டுவந்து என் காலடியில் நீட்டினார்.

"அடியாத மாடு படியாது" என்று சொல்லிச் சொல்லி அடித்தார். பூனைக்குக் கொண்டாட்டம், எலிக்குத் திண்டாட்டம். இத்தாலிக்காரி "ஸ்டாப், ஸ்டாப்" என்று கத்துவாள். எனக்கு அவர்மேல் வந்த ஆத்திரத்தைவிட என் முதுகின்மேல் வந்த ஆத்திரம் ஜாஸ்தி. வேண்டாம் வேண்டாம் என்றாலும் அதுவாக வளைகிறதே.

அவர் வேங்கிக்காலில் இருந்த ஆபீஸுக்குப் போனதும் அவருடைய வேட்டியை மடித்துத் தரையில் போட்டு மிதிக்க ஆரம்பித்தேன். வெறும் வேட்டிக்கே முதலில் குனிந்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கப் பழகினேன். கொஞ்ச நாளில் அதன்மேல் நின்றபடியே தலைவார முடிந்தது.

மே மாதக் கடைசியில் ஒரு சாயங்காலம் அவர் வழக்கம்போலக் காலை நீட்டினார். நன்றாகவே மிதித்தேன். வாளை உச்சிக்குத் தூக்கி, நான் குனிவதற்காகக் காத்திருந்தார். நெஞ்சு திறந்து கிடந்தது. காலை எடுக்காமல் குத்தினேன். நானும் கையை நிறுத்தவில்லை.

மல்லாந்து விழுந்தவர் மூச்சு திரும்பியதும் சொன்னார்: "கால மிதிச்சிட்டு குத்தினா செல்லாது."

செல்லும் என்றாள் இத்தாலிக்காரி.

"அது உங்க ஊர்ல. புருஷன் கால மிதிக்கிறவ புள்ளைங்களுக்கு இன்னா சொல்லித் தருவா? வேலையும் கெடையாது, ஒண்ணும் கெடையாது."

எழுந்திருக்கப் பார்த்தார். விலா பிடித்துக்கொண்டது. என் பக்கம் கையை நீட்டினார்.

"தூக்குடி."

நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். உதவிக்கு வந்த இத்தாலிக்காரியையும் தடுத்துவிட்டேன். அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. பார்க்க இனித்தது எனக்கு.

"ஜூன்ல பஸ் ஏறட்டுமாங்க?"

"அடியே, வலிக்குதுடி."

"ஏறட்டுமாங்க?"

சூடான தரையில் புரண்டு பார்த்தார். முடியவில்லை.

"போய்த் தொல."

அப்போதுதான் குனிந்தேன். நான் மிதித்த அவர் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அதற்கப்புறம் கை கொடுத்தேன்.