ரூபியின் தலைகீழ்த் தும்மல்

மகள் கொழும்புக்குப் படிக்கப் போனபோது தன் பொமரேனியன் நாய் ரூபியை எங்களிடம் விட்டுப் போனாள். ஒரு மத்தியானம் சாப்பிட்ட கையோடு அது கழுத்தை நீட்டி, கண் பிதுங்க, பன்றி உறுமுவதுபோல் மூச்சை இழுத்தது.

“மீன் முள்ளுதான் சிக்கிட்டு. வாயத் திறந்து எடு,” என்று கணவர் கத்தினார். நாயைத் தொட அவருக்குப் பயம், கட்டளையிட மட்டும் பயமில்லை. நான் விரலை விட்டேன். ரூபி கடித்துவிட்டது.

இரத்தம் வழியும் கையோடு ஆட்டோ பிடித்து, கல்லடிப் பாலம் கடந்து மிருக வைத்தியரிடம் போனோம். மகளுக்கு என்ன சொல்வேன் என்று வழியெல்லாம் அழுதேன். இறங்கியதும் ரூபி வாலை ஆட்டியது.

“என்ன மாதிரிச் சத்தம் போட்டது?” என்று டாக்டர் கேட்டார். கணவர் கூரையைப் பார்த்தார். காத்திருந்தவர்கள் முன்னால் நான்தான் மூக்கால் உறுமிக் காட்டினேன்.

“இது தலைகீழ்த் தும்மல் அம்மா. காத்து வெளிய வராம உள்ள போகுது. சின்ன நாய்களுக்கு வாறதுதான். தொண்டையை மெல்லத் தடவுங்க, நிண்டிடும். அடிக்கடி வந்தா மட்டும் கொண்டு வாங்க. இப்ப நீங்க ஆஸ்பத்திரிக்குப் போய் கடிக்கு ஊசி போடுங்க,” என்றார்.

அடுத்த கிழமையும் ரூபிக்கு அந்தத் தும்மல் வந்தது. “முள்ளு...” என்று கணவர் தொடங்கினார். “கொஞ்சம் பேசாம இருங்க,” என்று சொல்லிவிட்டு அதன் தொண்டையைத் தடவினேன். கொஞ்ச நேரத்தில் மூச்சு சீராகி, ரூபி என் மடியிலேயே படுத்துக்கொண்டது.

எனக்கு மூச்சு அப்படி இழுக்கும்போது யாராவது கத்திக்கொண்டு வாய்க்குள் விரலை விட்டிருந்தால், நானும் கடித்திருப்பேன்.