உள்ளே ஐவர், வெளியே ஒருவர்

எனக்கு யார் மீதும் லேசில் மரியாதை வராது. இருபத்தைந்து ஆண்டுகளாகப் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவன் நான். பிறருடைய தப்பைச் சிவப்பு மையில் வட்டம் போட்டே பழகிவிட்டேன். அப்படிப்பட்டவன் என்னைவிடப் பத்து வயது இளைய ஒரு பெண்மணி முன்னால் வாயடைத்து நின்றதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அவர் சிங்கப்பூரின் துவாஸ் பகுதியில் ஒரு கப்பல் பட்டறையில் பாதுகாப்பு அதிகாரி. எங்கள் ஞாயிறு நடைக் குழுவில் மொத்தம் ஆறு பேர். அவர், நான், என் மனைவி, ஒரு பல் மருத்துவர், வங்கியில் வேலை பார்க்கும் அண்ணன் தம்பி இருவர். நடை முடிந்ததும் சிராங்கூன் சாலையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து, கரைத்த கொழுப்பை எல்லாம் நெய் ரோஸ்ட்டில் திரும்பப் பெற்றுக்கொள்வோம். அங்கேதான் ஒருநாள் அவர் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். அமெரிக்கப் பாலைவனத்தில் ஒரு பள்ளத்தாக்கு. இரண்டு பக்கமும் செம்பாறைச் சுவர், மேலே ஒரு கீற்று வானம், அடியில் முழங்காலளவு ஆறு. முதுகில் மூட்டையுடன் ஐந்து நாள் நடக்க வேண்டும். வழியில் கடை கிடையாது, கைபேசி வேலை செய்யாது, கால் வலித்தால் டாக்சியும் வராது.

"போலாமா?" என்றார். வாய் நிறையத் தோசையோடு எல்லோரும் தலையாட்டிவிட்டோம்.

அடுத்த வாரமே பயிற்சி தொடங்கியது. செங்காங்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் பதினாறு மாடி. சனிக்கிழமைக் காலைகளில் முதுகுப் பையில் தண்ணீர்ப் போத்தல்களை அடைத்துக்கொண்டு ஏறி இறங்கினோம். எட்டாவது மாடிச் சீனத்து அம்மா கதவைத் திறந்து, "லிஃப்ட் ரோசாக்கா?" என்று மலாயில் கவலையோடு கேட்பார். லிஃப்ட் கெட்டுப்போகவில்லை, எங்களுக்குத்தான் புத்தி கெட்டுப்போயிற்று என்று எந்த மொழியில் விளக்குவது?

என்னை அசத்தியது அவர் திட்டம் போடும் விதம். யார் சொல்வதையும் தட்டிக்கழிக்க மாட்டார், அப்படியே ஏற்கவும் மாட்டார். எல்லாவற்றையும் தராசில் வைப்பார். நிஜமான சமையலறைத் தராசு, பையிலேயே கொண்டுவருவார். என் மனைவி கண்ணாடி ஜாடியில் எலுமிச்சை ஊறுகாயைக் கொண்டுவந்து வைத்தபோது, "இது ஒரு லிட்டர் தண்ணி வெயிட் அக்கா. தண்ணிய விடலாமா, இத விடலாமா, நீங்களே சொல்லுங்க" என்றார். என் மனைவி யோசித்தாள். ஊறுகாயில் பாதியைப் பிளாஸ்டிக் பைக்கு மாற்றினாள், அந்தப் பாதிக்கு இடம் செய்ய என்னுடைய இரண்டாவது சட்டையை வெளியே எடுத்துப் போட்டாள். நான் இத்தனை வருடக் குடித்தனத்தில் ஊறுகாய் விஷயத்தில் ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. அவர் ஒரே வாக்கியத்தில் பாதி ஜாடியைக் குறைத்துவிட்டார்!

அந்தப் பள்ளத்தாக்கில் பயப்பட வேண்டியது வெயிலுக்கு இல்லையாம், மழைக்காம். தலைக்கு மேல் வானம் பளிச்சென்று இருக்கும். கண்ணுக்கெட்டாத தூரத்தில் எங்கோ பெய்யும் மழை, குறுகலான சுவர்களுக்கு நடுவே வெள்ளமாகப் புகுந்து வரும். மழை என்றால் குடையைத் தேடும் சிங்கப்பூர்க்காரர்களான எங்களுக்கு இதை மனத்தில் பதியவைக்க அவருக்கு மூன்று ஞாயிறு பிடித்தது.

அதற்குப் பிறகுதான் அந்த விதியைச் சொன்னார். விஷவாயு தேங்கியிருக்கக்கூடிய கப்பல் எண்ணெய்த் தொட்டிக்குள் வேலைக்கு இறங்கும்போது ஒருவர் கட்டாயம் வெளியே உட்கார வேண்டும். உள்ளே யார் யார் இருக்கிறார்கள், எப்போது இறங்கினார்கள் என்ற தாள் அவர் கையில் இருக்கும். உள்ளே என்ன சத்தம் கேட்டாலும் அவர் இறங்கக் கூடாது. ஆள் கூப்பிட வேண்டும், அவ்வளவுதான்.

"முதல் ஆள் விழுறது விபத்து அண்ணே. அவரக் காப்பாத்தப் போயி ரெண்டாவது ஆள் விழுறது பாசம்" என்றார்.

பள்ளத்தாக்குக்கும் அதே விதிதான். ஐந்து பேர் உள்ளே, ஒருவர் வெளியே. வெளியே இருப்பவர் வாடகை வேனுடன் தங்கி, ஐந்தாம் நாள் மாலைக்குள் நாங்கள் வரவில்லை என்றால் மீட்புக் குழுவை அழைக்க வேண்டும். பட்டறையில் சேர்ந்த புதிதில் அவர் பார்த்த வேலையே இந்தக் காவல்தான் என்று அன்றைக்குத் தெரிந்தது. "எத்தனையோ பேர உள்ள அனுப்பி எண்ணியிருக்கேன். ஒரு தடவ நானும் உள்ள நடந்து பாக்கணும்" என்றார். அவர் தன்னைப் பற்றிச் சொல்லி நான் கேட்ட ஒரே ஆசை அது.

வெளியே யார்? வண்டி ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும். என் மனைவிக்குத் தெரியாது. மருத்துவர் உள்ளே தேவை. அண்ணன் தம்பியில் ஒருவரை வெளியே வைத்தால் மற்றவருக்காக உள்ளே ஓடிவிடுவார். மிஞ்சியது நான். முணுமுணுத்துக்கொண்டுதான் ஒப்புக்கொண்டேன்.

நீர்த்தேக்கக் காட்டில் ஒத்திகை வைத்தார். பாதை தொடங்கும் இடத்தில் ஒரு பெஞ்சில் தாளுடன் நான். உள்ளே ஐந்து பேர். நான்கு மணிக்குள் வராவிட்டால் அவருடைய அக்காவுக்குப் போன் செய்ய வேண்டும், அந்த அக்காதான் மீட்புக் குழுவாக நடிக்க ஒப்புக்கொண்டவர். மூன்று மணிக்கு வானம் உடைத்துக்கொண்டு ஊற்றியது. இடி வேறு. மூன்றரை ஆயிற்று, யாரையும் காணோம். என் மனைவி குடை எடுத்துப் போகவில்லை. என் பையில் இரண்டு குடை இருந்தது. எழுந்து உள்ளே போய்விட்டேன்.

அவர்கள் நான் போன பாதையில் வராமல் ஏரிக்கரைப் பலகைப் பாதை வழியாக நான்கு மணிக்கு முன்பே வெளியே வந்திருக்கிறார்கள். பெஞ்சில் ஆளில்லை. ஒரு மணி நேரம் கழித்து, தொப்பலாக நனைந்து, கையில் இரண்டு குடையுடன் நான் வந்து நின்றேன். தம்பிக்காரர் சிரித்துவிட்டார். பாதுகாப்பு அதிகாரி சிரிக்கவில்லை.

"நீங்க உள்ள இருக்கிறதே யாருக்கும் தெரியாது அண்ணே. எங்களுக்கு ஏதாச்சும் ஆயிருந்தா நாலு மணிக்கு யாரு போன் பண்ணியிருப்பா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இடி இடிக்குது, மழை கொட்டுது, பொண்டாட்டி உள்ள இருக்கா. கல்லு மாதிரி உக்காந்திருக்க முடியுமா?"

"முடியணும் அண்ணே" என்றார், குரலை உயர்த்தாமல்.

அடுத்த ஞாயிறு கடையில் புதிய தாளை நீட்டினார். உள்ளே ஐந்து பெயர், அதில் என் பெயரும் இருந்தது. வெளியே என்ற இடத்தில் அவர் பெயர். வழி நடத்த மருத்துவர் போதும், எல்லாம் எழுதிவைத்துவிட்டேன் என்றார். ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. என் தோசையைப் பார்த்து, "ஆறுது பாருங்க, சாப்பிடுங்க" என்றார். பள்ளத்தாக்கு எனக்குக் கிடைத்துவிட்டது, ஆனால் அது அவரிடமிருந்து பிடுங்கியது. என்னுடைய இரண்டு குடைகள் செய்த வேலை.

செவ்வாய்க்கிழமை பள்ளி இடைவேளையில் அவரை அழைத்தேன். "இன்னொரு ஒத்திகை வைங்க."

"எதுக்குண்ணே? உங்களுக்கும் உள்ள போகத்தான ஆசை?"

"ஆசைதான். இருந்தாலும் வைங்க லா."

இரண்டாவது ஒத்திகை நாளில் மழை இல்லை, சுள்ளென்ற வெயில். அதே பெஞ்ச், அதே நான்கு மணிக் கெடு. குரங்கு ஒன்று என் பையை ஆராய வந்தது, அதட்டி விரட்டினேன். நான்கு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மரங்களுக்கு உள்ளிருந்து என் மனைவியின் குரல் கேட்டது.

"ஏங்க!"

எழுந்துவிட்டேன்.

"ஏங்க, இங்க வாங்க! சீக்கிரம்!"

கால் இரண்டடி எடுத்து வைத்தேவிட்டது. எப்படித் திரும்பினேன் என்று தெரியாது. பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "ஆள் கூப்பிடுறேன், அங்கயே இரு!" என்று கத்திவிட்டு எண்ணை அழுத்தினேன். உள்ளே எத்தனை பேர், எத்தனை மணிக்குப் போனார்கள், எந்தப் பாதை, எந்தப் பக்கமிருந்து குரல் வந்தது என்று மீட்புக் குழுவாக நடிக்கும் அந்த அக்காவிடம் வரிசையாகச் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் கன்னம் ஈரமாக இருப்பது தெரிந்தது.

வளைவுக்குப் பின்னாலிருந்து ஐந்து பேரும் முழுசாக நடந்து வந்தார்கள்.

"இது என்ன விளையாட்டு?" என்று பாய்ந்தேன்.

"மன்னிச்சுக்குங்க அண்ணே. உங்க வீட்டு அக்கா அப்படிக் கத்துனது நான் சொல்லித்தான்" என்றார் பாதுகாப்பு அதிகாரி. அவர் முகமும் வெளிறித்தான் இருந்தது.

என் மனைவி என் அருகில் வந்தாள். "நான் கூப்பிட்டது கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"வரலையே நீங்க."

"வரல."

பிறகு தன் போத்தலைத் திறந்து, "தண்ணி குடிங்க" என்றாள்.

அந்தப் பெண்மணி கடையில் காட்டிய பயணத் தாளைப் பையிலிருந்து எடுத்து என் கையில் விரித்து வைத்தார். அது என் கையில் இருந்தபடியே, வெளியே என்ற இடத்தில் இருந்த தன் பெயரை அடித்து என் பெயரை எழுதினார். என் பெயர் இருந்த உள்ளே வரிசையில் தன் பெயரை எழுத வேண்டும். பேனாவை வைத்துக்கொண்டு நிமிர்ந்தார். துவாஸில் நூறு பேரை அதட்டி வேலை வாங்குகிறவர், என்னிடம் அனுமதி கேட்பதுபோல் கேட்டார்.

"அப்ப, நான் உள்ள போறேன் அண்ணே?"

அந்தச் சுவர்களுக்கு நடுவே நான் நடக்கப்போவதில்லை என்ற வருத்தம் எனக்கு இருந்தது. இன்னும் இருக்கிறது. ஆனால் என் வாழ்க்கையில் யாருக்கும் இத்தனை மனநிறைவோடு விடை கொடுத்ததில்லை.

"போயிட்டு வாங்கம்மா" என்றேன். "நான் வெளிய இருக்கேன்."