கம்பி கட்டிய எக்ஸாஸ்ட் பிரேக்

இதை எழுத உட்காருவதும் வேண்டாமென்று எழுந்துவிடுவதுமாகப் பல வருடங்கள் போயின. இறந்துபோன டிரைவர் செல்வத்தின் மனைவி மல்லிகா, மகன் நாங்கள் வண்டி ஓட்டிய அதே மைன்ஸ் கான்ட்ராக்டில் வேலை பார்ப்பதால் பொறுக்கச் சொல்லியிருந்தார். மகன் இப்போது வேறு ஊரில். போன மாதம் மல்லிகாவே வடக்குத்து கிராமத்திலிருந்து என்னைத் தேடி வந்தார்.

"அவரு வண்டிய நியூட்ரல்ல உட்டுத்தான் செத்தாருன்னு டீக்கடையில இன்னும் பேசிகினு இருக்காங்கண்ணே. பேரன் காதுல வுழுது. எழுதிடுங்க."

பிஸ்மில்லாஹ் சொல்லித் தொடங்குகிறேன்.

நெய்வேலி மைன்ஸில் செல்வத்துக்கு மண் தள்ளும் டோசரை ஏற்றிப் போகும் ட்ரெய்லர், எனக்குத் தண்ணீர் டேங்கர். அவ்வளவு லோடோடு சரிவில் இறங்கும்போது கால் பிரேக்கை மட்டும் நம்பக்கூடாது. மிதித்துக்கொண்டே இறங்கினால் பிரேக் லைனர் காய்ந்து பிடிப்பு போய்விடும், பிரேக்கை இயக்கும் காற்றும் குறையும். அதற்குத்தான் எக்ஸாஸ்ட் பிரேக். சுவிட்சைப் போட்டால் சைலன்சர் குழாய்க்குள் ஒரு தகடு மூடிப் புகையை அடைக்கும். இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும்.

எங்கள் மைன்ஸில் அந்தத் தகட்டில் தூசியும் கரியும் ஏறி, மூடினால் திறக்காது. அப்புறம் மேடேற இழுவை இருக்காது. ஒரு நாளைக்கு அடிக்கும் நடை குறைகிறதென்று சூப்பர்வைசர் அதைத் திறந்தபடியே கட்டுக்கம்பியால் கட்டச் சொல்லுவார். கட்டிய வண்டியின் ஸ்டீயரிங்கில் சிவப்புத் துணி சுற்றிவிடுவோம். அதைப் பார்த்தால் அடுத்த ஷிப்ட்காரர் லோடோடு இறக்கமாட்டார்.

ஆயுத பூஜைக்கு வண்டிகளைக் கழுவினார்கள். கம்பி கட்டியிருந்த ஒரு ட்ரெய்லரின் எண்ணெய்ப் பிசுக்கேறிய சிவப்புத் துணி குப்பையோடு போனது. ஸ்டீயரிங்கில் சாமந்தி மாலை ஏறியது. யார் அவிழ்த்தார்களோ தெரியாது. நல்ல மனதோடு செய்த வேலைதான். லீவு முடிந்து வந்த செல்வத்திடம் அந்த வண்டியைக் கொடுத்தார்கள்.

டோசரை ஏற்றிக்கொண்டு அவர் சரிவில் இறங்கினார், நான் டேங்கரில் பின்னால் போய்க்கொண்டிருந்தேன். பாதிச் சரிவில் ட்ரெய்லர் சக்கரங்களில் புகை. வாக்கி-டாக்கியில் கூப்பிட்டேன்.

"எக்ஸாஸ்ட் புடிக்கல பாய்."

"கியர் எதுல இருக்கு?"

"செகண்ட்லதான். காத்து எறங்குது. கீழ ஆளுங்க நிக்கிறாங்க பாய்."

கீழே ஆட்கள் கன்வேயர் பெல்ட்டின் ரோலரை மாற்றிக்கொண்டிருந்தார்கள். செல்வம் ஹாரனை அழுத்தியபடியே வண்டியை ஓரத்து மண்கரையில் ஏற்றினார். ட்ரெய்லர் நின்றது. டோசர் நிற்கவில்லை. சங்கிலியை அறுத்துக்கொண்டு முன்னால் வந்து கேபின்மேல் ஏறியது. கீழே ஒருவருக்கும் கீறல் இல்லை. செல்வத்தின் கை மட்டும் வெளியே தெரிந்தது. அதைப் பிடித்துக்கொண்டு எனக்குத் தெரிந்த துஆவெல்லாம் ஓதினேன். சூடு ஆறும்வரை விடவில்லை.

கேபினை வெட்டியபோது கியர் லீவர் செகண்டில் இருந்ததைப் பார்த்தேன். தகட்டில் கம்பியையும் பார்த்தேன். விசாரணையில் சொன்னேன். டீசலை மிச்சம் பிடிக்க கியரே போடாமல் நியூட்ரலில் இறக்குகிறவர்கள் உண்டு, அப்போது இன்ஜின் வண்டியைப் பிடிக்காது. அந்தப் பழியை இவர்மேல் போட்டு முடித்தார்கள். சூப்பர்வைசர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"பாய், செத்தவன் எந்த கியர்ல போனா என்ன? உசுரோட இருக்கறவனுக்கு டூட்டி வேணுமா வேணாமா?"

நான் பார்த்ததைத்தான் மறுபடியும் சொன்னேன். மறுநாள் டூட்டி இல்லை. அல்லாஹ் வேறு வாசல் திறந்தான்.

வண்டி ஓட்டும் தம்பிகளே, துணியையோ அடுத்தவர் வாய்ச்சொல்லையோ நம்பி இறங்காதீர்கள். சரிவுக்கு முன்னால் சமதரையில் ஓட்டி, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, சுவிட்சைப் போடுங்கள். சத்தம் கனத்து வண்டி பிடிக்க வேண்டும். பிடிக்காவிட்டால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். என் பேச்சை விட்டுவிட்டாலும் பரவாயில்லை. அவர் இறங்கிய கியரை மட்டும் மாற்றிவிடாதீர்கள்.