என்ன விசேஷம் என்று கேட்கும் வெப்சைட்

போன மாதம் ஒரு நாள் பிரவுசிங் சென்டரில் என் மானம் போனது.

நான் தப்புத்தண்டா எதுவும் செய்யவில்லை. சம்பந்தத்தின் பட்டுக்கடை வெப்சைட்டைத் திறந்தேன், அவ்வளவுதான். திறந்ததுமே நாதஸ்வரமும் தவிலும் கெட்டிமேளம் கொட்ட ஆரம்பித்துவிட்டன. பக்கத்து கேபின்களில் இருந்த காலேஜ் பையன்கள் தடுப்புக்கு மேலே தலையை நீட்டிப் பார்த்தார்கள். எந்த பட்டனை அமுக்கினால் தாலி கட்டி முடிப்பார்கள்? தெரியவில்லை. கண்டதையெல்லாம் அமுக்கினேன். கடைசியில் சென்டர்காரர் வந்து ஸ்பீக்கர் வயரையே பிடுங்கிவிட்டார்.

"வீட்டுல ஏதாச்சும் கல்யாணமா டீச்சர்?" என்று வேறு கேட்டார்.

சம்பந்தம் யார் என்று சொல்லிவிடுகிறேன். பிள்ளையார்பாளையத்தில் பரம்பரையாகத் தறி வைத்திருக்கும் குடும்பம். வீட்டின் முன்கூடம்தான் கடை. சரக்கு சுத்தம், பேச்சும் சுத்தம். ஆனால் கோயிலுக்கு வரும் வெளியூர்க்காரர்களை டாக்ஸி டிரைவர்கள் மெயின் ரோட்டுக் கடைகளில் இறக்கிவிட்டுவிடுகிறார்கள். இவருடைய சந்துக்குள் டாக்ஸி நுழையாது.

கம்ப்யூட்டர் படித்த மகள் மீனா பார்த்தாள். "சந்துக்குள்ள காரு வராட்டி போவுதுப்பா, இன்டர்நெட்டு வரும்" என்று ஒரு வெப்சைட் செய்து கொடுத்தாள். பொங்கலுக்குத் திறந்தார்கள். ஆடி வரப்போகிறது... ஒரு புடவைகூட அதில் விற்கவில்லை.

முதல் ஆர்டர் என் மூலமாக வருவதாக இருந்தது.

வசந்தா என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவள். இப்போது சிங்கப்பூரில் மகன் வீட்டில் இருக்கிறாள். போன வருஷம் அவள் கணவர் தவறிவிட்டார். அதற்குப் பிறகு அவளுடைய மெயில்களில் மழை பெய்கிறது, பேரனுக்குப் பரீட்சை... இவைதான் இருக்கும். தனக்கு இன்னது வேண்டும் என்று ஒரு வார்த்தை இருக்காது. அவள் திடீரென்று எழுதியிருந்தாள், தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்து: "மாம்பழக் கலர்ல ஒரு பட்டுப்புடவை வேணும்டி. கட்டிக்கணும்போல இருக்கு."

எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? அந்த நிமிஷமே சம்பந்தத்தின் வெப்சைட் முகவரியை அனுப்பினேன். அவரிடமும் சொன்னேன். மனுஷர் அன்றைக்கே பார்சல் கட்ட அட்டைப்பெட்டி வாங்கி வைத்துவிட்டார்.

ஆர்டர் வரவில்லை. பொறுத்துப் பார்த்துவிட்டு வசந்தாவைக் கேட்டேன். பதில் வந்தது: "உள்ள போனேன். என்ன விசேஷம்னு கேட்டுது. வெளிய வந்துட்டேன்."

ஒன்றும் புரியவில்லை. கேட்டதா? வெப்சைட் கேட்குமா? போய்ப் பார்த்துவிடலாம் என்றுதான் பிரவுசிங் சென்டருக்குப் போய் கெட்டிமேளத்தில் மாட்டிக்கொண்டேன்.

மேளம் நின்ற பிறகும் குழப்பம் நிற்கவில்லை. ஒரு கோபுர வாசல் மெதுவாகத் திறந்தது. குத்துவிளக்கு ஒவ்வொரு முகமாக எரிந்தது. 'வருக வருக' என்று ஒரு வரி, படிப்பதற்குள் ஓடிப்போனது. சரி, போனில் கேட்டுவிடலாம் என்று கடை நம்பரைத் தேடினேன். அது குடும்ப வரலாற்றைத் தாண்டி, குலதெய்வத்தின் படத்துக்குக் கீழே, பொடி எழுத்தில் இருந்தது.

முதல் பக்கத்துக்கே திரும்பி வந்தேன். திரையின் நடுவில் ஒரே ஒரு கேள்வி. 'என்ன விசேஷம்?'

கீழே பட்டன்கள். கல்யாணம். நிச்சயதார்த்தம். வளைகாப்பு. கிரகப்பிரவேசம். அறுபதாம் கல்யாணம். இவற்றில் ஒன்றை அமுக்கினால்தான் புடவையைக் கண்ணில் காட்டுவார்கள். வேறு வழியே கிடையாது.

வசந்தா எதை அமுக்கியிருப்பாள்? கணவர் இருந்திருந்தால் இந்த வருஷம் அவருக்கு அறுபது முடிந்திருக்கும்.

கிரகப்பிரவேசத்தை அமுக்கினேன். படம் மேலிருந்து நூல் நூலாக இறங்கியது. சம்பந்தத்தின் தறியே இதைவிட வேகம். முதலில் பார்டர், அப்புறம் உடல்... மாம்பழக் கலர்! அவள் கேட்ட அதே புடவை. அது கிரகப்பிரவேசத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

கோபத்தோடு பிள்ளையார்பாளையத்துக்குப் போனேன். சம்பந்தம் பாயை விரித்து உட்காரச் சொன்னார். விஷயத்தை ஆரம்பித்ததும் அவர்தான் என்னை விநோதமாகப் பார்த்தார்.

"இன்னா விசேஷம்னு கேக்காம எப்படிமா பொடவ காட்றது? கல்யாணத்துக்குன்னு வந்தவங்க முன்னால கறுப்பு பார்டர எடுத்துப் போட்டா எழுந்து பூடுவாங்க. எங்கப்பா காலத்துலருந்து பாய்ல குந்தினதும் மொதல்ல அதான் கேப்போம். அது மரியாதைமா."

அவர் சொல்வதும் சரிதானே? இதே பாயில் என்னையும் கேட்டிருக்கிறார். எனக்கு அது பிடிக்கத்தான் செய்தது. நம் வீட்டு நல்லது கெட்டதில் அக்கறை உள்ள மனிதர் என்று தோன்றியது. அதே கேள்வி கண்ணாடித் திரையில் வந்தால் மட்டும் ஏன் வாசலில் கையை நீட்டி மறிப்பதுபோல் இருக்கிறது? எனக்கே குழம்பிப்போனது.

வசந்தாவைப் பற்றிச் சொன்னேன். சம்பந்தம் கையிலிருந்த புடவையை மடித்துக் கீழே வைத்தார்.

மீனாதான் பேசினாள். "'இதர'ன்னு ஒரு பட்டன் சேத்துடறேன் டீச்சர்."

இதர... அரசாங்க விண்ணப்பங்களில் எதிலும் அடங்காதவர்களைத் தள்ளிவிடும் இடம். அதற்குள் நுழைந்து பட்டுப்புடவை வாங்க யாருக்கு மனசு வரும்?

"அப்போ கேள்வியே வேணாம், தூக்கிடு" என்றார் சம்பந்தம்.

"தூக்கிட்டா கல்யாணத்துக்கு வர்றவங்க எல்லாப் பொடவையும் பாத்துக்கினு எங்க தேடுவாங்கப்பா?" என்றாள் மகள்.

இதுவும் நியாயம். காப்பி வந்தது, ஆறியது. மூன்று பேரும் மாறி மாறி எல்லோர் சொல்வதற்கும் தலையாட்டிக்கொண்டிருந்தோம். கடைசியில் நான் கேட்டேன்: "சம்பந்தம், நான் இங்க வந்து விசேஷம் ஒண்ணும் இல்லேன்னு சொன்னா நீங்க என்ன சொல்வீங்க?"

"இன்னா சொல்லுவேன்... சும்மா பாருங்கன்னு சொல்லுவேன்."

மீனா கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிவிட்டாள்.

இப்போது அந்த வெப்சைட்டில் எல்லா பட்டனுக்கும் மேலே, பெரிதாக, 'சும்மா பாருங்க' என்று இருக்கிறது. அமுக்கினால் எல்லாப் புடவைகளும் வரும். கலர் வாரியாகத் தேடிக்கொள்ளலாம். போன் நம்பர் குலதெய்வத்தின் அடியிலிருந்து மேலே ஏறிவிட்டது. நாதஸ்வரத்தை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று சம்பந்தம் அடம்பிடித்தார். பேச்சுவார்த்தை நடத்தி, வேண்டுமென்று அமுக்கினால்தான் வாசிப்பார்கள் என்று முடிவாகியிருக்கிறது.

வெப்சைட்டைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. ஆனால் கடைக்குப் போய் வந்தவள் என்ற முறையில் ஒன்று கேட்கிறேன். வருகிறவர் கண்ணில் முதலில் படவேண்டியது அவர் தேடி வந்த பொருளா, நம் வீட்டுப் பெருமையா?

வசந்தாவுக்கு ஒரு வரி எழுதினேன். "இன்னொரு தடவை பார்." பதில் இல்லை. ரொம்பவும் வற்புறுத்திவிட்டோமோ என்று உறுத்தலாகவே இருந்தது.

ஒரு சாயங்காலம் சம்பந்தம் போன் செய்தார். குரல் தணிந்திருந்தது.

"டீச்சரம்மா, ஆர்டரு வந்துட்டுது. சிங்கப்பூரு. மாம்பழக் கலரு."

"ரொம்ப சந்தோஷம் சம்பந்தம். அப்புறம் ஏன் இப்படிப் பேசறீங்க?"

"பெட்டி கட்டிக்கினு இருக்கேன்மா. எங்க கடையில பொடவ வாங்கற பொம்பளைங்க எல்லாத்துக்கும் மஞ்ச குங்குமப் பொட்டலம் ஒண்ணு வெச்சு அனுப்பறது வழக்கம். இவங்களுக்கு... வெச்சா மனசு நோவுமா, வெக்காட்டி நோவுமா? ஒண்ணும் வெளங்கலமா."

எனக்கு மட்டும் விளங்கியதா? வைக்கச் சொல்ல நான் யார்? வேண்டாம் என்று சொல்லத்தான் நான் யார்?

"வெச்சுடுங்க சம்பந்தம். எடுத்துக்கறதும் விட்டுடறதும் அவ இஷ்டம்."

பெட்டி போய்ச் சேர்ந்துவிட்டது. புடவை ரொம்ப நன்றாக இருக்கிறது, கட்டிக்கொண்டு கடைத்தெரு வரை போய்விட்டு வந்தேன் என்று வசந்தா எழுதியிருந்தாள். பொட்டலத்தைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.

நானும் கேட்கவில்லை.