மழையில் ஏறிய சிவப்புப் பலூன்

இன்று சாலைக் கடைத்தெருவில் என் கடையைச் சாத்திவிட்டுப் பஸ் ஏறினேன். பக்கத்து சீட்டில் ஒரு வாடிக்கைக்காரர் மகன்.

"அண்ணாச்சி, எங்க ஊர் பலூன் உத்சவத்துக்கு வரணும் கேட்டியளா? எந்து ரசமாக்கும், பாத்துக்கிட்டே இருக்கலாம்!"

"அது எப்பிடிடே தொடங்கிச்சு?" தெரியாதவன் போலக் கேட்டேன்.

"பண்டு ஒரு மழைக்காலத்துல, மேல பொன்முடி மலை எஸ்டேட்டுலேருந்து யாரோ பெரிய பலூன் விட்டாங்களாம். கீழ எங்க ஊரே கைகொட்டிச்சாம். மறுவருஷம் நம்மளும் விட்டா என்னன்னு தொடங்கினதாக்கும்."

அந்த 'யாரோ' நான்தான்.

எழுபதுகளில் எஸ்டேட் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தருகே சின்னத் துணிக்கடை வைத்திருந்தேன். ஒரு அடைமழையில் மண் சரிந்து ரோடு அடைபட்டுவிட்டது. போனும் வேலை செய்யவில்லை. மனைவிக்குப் பிரசவ வலி. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, ஆஸ்பத்திரிக்குப் போகாமல் முடியாது என்று மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள்.

ஆபத்தென்று தெரியட்டும் என்று கடையிலிருந்த சிவப்பு நைலான் சேலைகளாகப் பொறுக்கிக் கிழித்து, லயத்து ஆட்களுமாகப் பெரிய பலூனாகச் சேர்த்துத் தைத்தோம். மழை சற்று விட்டதும் அடியில் மண்ணெண்ணெய்த் துணியைக் கொளுத்தி ஏற்றிவிட்டேன். கீழே கண்டால் எப்படியாவது ஆள் வரும் என்று நம்பினேன்.

பலூன் நன்றாகத்தான் ஏறியது. ஒருவரும் வரவில்லை.

ரோடு திறந்தபோது மனைவியை மட்டும்தான் காப்பாற்ற முடிந்தது.

பையனிடம் இதைச் சொல்லவில்லை. "பாக்கலாம்டே" என்று இறங்கிவிட்டேன்.

அன்று கைதட்டியவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒன்றை மட்டும் சொல்லுங்கள். ரோடு அடைபட்டுக் கிடக்கிற மலைமேல், அடைமழைக்காலத்தில், விற்கிற சேலையைக் கிழித்து விளையாட்டுக்குப் பலூன் விடுகிற வியாபாரியை எங்கேயாவது கண்டிருக்கிறீர்களா?