அடுப்புச் சுவர்

எழுபதுகளின் கடைசியில், ஒரு மார்கழி முழுக்க டைப்ரைட்டிங் வகுப்புக்காகக் கீழ்பென்னாத்தூரிலிருந்து முதல் பஸ்ஸில் திருவண்ணாமலைக்கு வந்துகொண்டிருந்தேன். ஜன்னல் ஷட்டர் இறங்காத பஸ். இறங்கும்போது விரல்கள் மரத்துப் போயிருக்கும்.

முதல் நாள் காப்பி குடிக்க ஓர் ஓட்டலில் நுழைந்தேன். வாசலோர மேஜைகள் காலியாகத்தான் இருந்தன. காதை மூடி மப்ளர் கட்டியிருந்த சர்வர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, சமையலறையை ஒட்டிய இருட்டு மூலையைக் காட்டினார். என் டயர் செருப்பைப் பார்த்துத்தான் ஒதுக்குகிறார் என்று எனக்குச் சுருக்கென்றது.

"ஏன், நாங்கல்லாம் முன்னால உக்காரக் கூடாதா?"

அவர் கோபப்படவில்லை. தோளில் கிடந்த துண்டால் பெஞ்சைத் துடைத்தார்.

"மொதல்ல சாஞ்சு உக்காருங்க. அப்பறமா திட்டுங்க."

சாய்ந்தேன். முதுகுக்குப் பின்னால் சுவர் இதமாகச் சுட்டது. அந்தப் பக்கம் இட்லி அடுப்பு.

"மொத பஸ்ல வர்றவங்களுக்குத்தான் இந்த எடம். வாசல்ல காத்து ஜாஸ்திங்க."

"நான் பஸ்ல வந்தது எப்படித் தெரியும்?"

"காத்துல கலைஞ்ச தலையப் பாத்தாலே தெரியுதே" என்றவர், காப்பிக்கு முன்னால் ஒரு டம்ளர் வெந்நீர் கொண்டுவந்து வைத்தார். குடிக்க அல்ல, கையில் பிடித்துக்கொள்ள. அந்த மாதம் முழுக்க ஒரு நாளும் அதை அவர் மறக்கவில்லை.

நான்தான் அவரிடம் மன்னிப்பும் கேட்கவில்லை, பெயரும் கேட்கவில்லை. இன்றும் குளிர்காலத்தில் எந்த ஓட்டலுக்குப் போனாலும், உட்காருவதற்கு முன் என் கை தானாகப் பின்சுவரைத் தொட்டுப் பார்க்கிறது.